பாம்புக் கடை போடலாமா?

கேள்வி: வெளிநாட்டில் கண்காட்சி நடத்தி, பண்ணையில் பொரித்த பாம்புகளை விற்கிறார்களாமே! ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் இங்கேயும் ஒரு கடை போட்டால் என்ன?
- வாசகர், திருத்தணி

பதில்: மலைமேல் இருப்பவரின் மயில் விட்டாலும் வனத்துறை விடாது. நம் ஊர் நாகமும் சாரையும் கூண்டில் பிறந்தாலும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டத்தின் பிடியில்தான். ஆப்பிரிக்க 'பால் பைத்தான்' என்றால் வைத்திருப்பதற்கே பதிவு வேண்டும். பாங்காக்கிலிருந்து அதைப் பெட்டியில் சுருட்டி வந்து சென்னை விமான நிலையத்தில் மாட்டியவர்கள் பலர்.

பாம்பால் சட்டப்படி பிழைப்பவர்களும் உண்டு. 1976-இல் பாம்புத்தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்ததும், பாம்பு பிடித்துப் பிழைத்த இருளர் பழங்குடியினரின் அடுப்பு அணைந்தது. பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் துணையோடு 1978-இல் அவர்கள் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம், மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருக்கிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கையும் பிடித்து, சில வாரம் பானையில் வைத்து, விஷம் எடுத்து, காட்டிலேயே விட்டுவிடுவார்கள். விற்பது விஷம் மட்டுமே. அதிலிருந்துதான் பாம்புக்கடி மருந்து.

அந்த இருளர்களில் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரையும் 2017-இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைத்தார்கள். எதற்கு? அங்கே காட்டை நிரப்பிய பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க! பெரும்பாலும் செல்லப் பிராணியாக விற்கப்பட்டவற்றின் வாரிசுகள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

கிருத்திகைக்குப் பூக்காவடிக் கடை போடுங்கள், கூட்டம் ஓடாமல் நிற்கும்.