சுற்றி ஐந்து, ஓரத்தில் ஒன்று

கேள்வி: ஆவடியில் மாடி வீடு. 10-க்கு 12 அடி ஹாலில் 5.1 ஸ்பீக்கர் செட் வைக்கலாமா? கீழே ஹவுஸ் ஓனர் குடியிருக்கிறார்.

பதில்: தாராளமாக! 1995-லேயே 'குருதிப்புனல்' படத்தை டால்பியில் கேட்ட ஊர் நம்முடையது. நல்ல ஒலிக்கு ஆசைப்படுவது நம் உரிமை. நடு ஸ்பீக்கர் டிவிக்கு நேர் கீழே, வசனமெல்லாம் அதில்தான். முன் இரண்டும் உங்கள் மூக்குக்கு இருபுறமும் 30 டிகிரியில். பின் இரண்டையும் கூரை மூலையில் தொங்கவிடாதீர்கள். காதைச் சற்றே தாண்டி, 110 டிகிரி வாக்கில், காது உயரத்துக்குக் கொஞ்சம் மேலே மாட்டுங்கள். அதற்கு, சுவரோடு ஒட்டிய சோபா முன்னே நகர வேண்டும். வீட்டம்மாவின் அனுமதி அவசியம்!

ஆறாவதாக வரும் அடித்தொனி ஸ்பீக்கரான சப்வூஃபர்தான் வம்பு. 120 ஹெர்ட்ஸுக்குக் கீழான அதன் அதிர்வு கான்கிரீட் வழியே இறங்கும். ஹவுஸ் ஓனர் டிக்கெட் வாங்காமலே உங்கள் சண்டைக் காட்சியில் அடி வாங்குவார். மூலையை விட்டுத் தள்ளி, தடித்த ரப்பர் மேல் வையுங்கள், ஓரளவு குறையும். எதிரொலிக்கும் டைல்ஸ் தரைக்குக் கம்பளம், ஜன்னலுக்குக் கனத்த திரை. குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை சட்ட வரம்பு 45 டெசிபல். முதல் படத்துக்கு ஹவுஸ் ஓனரையும் மாடிக்கு அழைத்துவிடுங்கள்.