முன்ஜாக்கிரதைக்காரர்

மின்சாரம் போய்விட்டால் ஊரே சலித்துக்கொள்ளும் என்று எண்ணுவது தவறு, தெரு முழுவதும் இருளில் மூழ்கி, ஆளாளுக்கு விசிறியைத் தேடித் தடவிக்கொண்டிருக்கும் அந்த க்ஷணத்திலே, கல்யாண வீட்டுக்காரரைப் போல முகமலர்ச்சியுடன் வாசலுக்கு வந்து, "என்ன சார், கரண்ட் போச்சா? நம்ம வீட்டிலே வைஃபை ஓடிக்கிட்டிருக்கு" என்று பிரகடனம் செய்கிற ஒருவர் எல்லாத் தெருவிலும் உண்டு. முன்ஜாக்கிரதைக்காரர் என்று அவருக்கு நான் நாமகரணம் செய்திருக்கிறேன்.

சென்னைக்கு வெளியே மணிக்கொரு தரம் மின்சாரம் போய் வந்த 2012-ஆம் வருஷத்தில் பிறந்த வைராக்கியம் அது. அன்று இன்வெர்ட்டரும், டிஸ்டில்ட் வாட்டர் குடிக்கும் பெரிய பாட்டரியும் வாங்கினார். இன்று அவருடைய பக்தி சில்லறைச் சாதனங்களின் மேல் திரும்பியிருக்கிறது. ரௌட்டருக்கென்று வாங்கிய குட்டி யுபிஎஸ்ஸைத் திறந்து, உள்ளே கட்டைவிரல் பருமனில் படுத்திருக்கும் மூன்று லித்தியம் செல்களை, தொட்டில் குழந்தையைக் காட்டுவதுபோல் காட்டுவார். "ஒண்ணு 3.7 வோல்ட். வரிசையாக் கோத்தா 11.1. ரௌட்டர் கேட்கிறது 12. மிச்சத்தைச் சர்க்யூட் ஏத்திக் கொடுத்துடும்." இதற்குத் தலையாட்டிவிட்டு எழுந்திருக்க முயன்றால் பவர் பாங்க் பிரகரணம் ஆரம்பமாகிவிடும்: அட்டையில் போட்டிருக்கும் 10000 என்பது உள்ளேயிருக்கும் செல்லின் 3.7 வோல்ட் கணக்கு. அதை 5 வோல்ட்டாக்கி வெளியே விடும்போது, சேதாரம் போக, ஆறாயிரத்துச் சொச்சந்தான் தேறும். பாலில் தண்ணீரைக் கண்டுபிடித்துவிட்டவரின் தொனியில் இதைச் சொல்வார். கணக்கு மெய்தான்; வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன்.

ஆனால் அந்தப் பவர் பாங்கை எவருக்கும் தரமாட்டார். காலேஜுக்குப் புறப்படும் பேத்தி, "தாத்தா, போன் செத்துப்போச்சு" என்று கெஞ்சினாலும், "அது அவசரத்துக்கும்மா" என்பதுதான் பதில். தினம் ஒரு தரம் பொத்தானை அமுக்கிப் பார்த்து, நான்கு விளக்கில் ஒன்று குறைந்தாலும் சார்ஜில் போட்டுவிடுவார். லித்தியத்தைச் சதா நிறைவயிறாய் வைத்தால் சீக்கிரம் நலியும், சும்மா வைப்பதானால் அரைவயிறே அதற்குப் பத்தியம் என்று நான் சொன்னதை அபசகுனமாக எடுத்துக்கொண்டார். சென்ற சித்திரை வெயிலில் அது பூரியாய் உப்பிற்று. இப்போது கொல்லையில் மணல் வாளிக்குள் இருக்கிறது; அலமாரியில் புதிது ஒன்று, அவசரத்துக்கு.

போன வாரம் பராமரிப்புப் பணிக்காகக் காலை 9 மணிக்கு மின்சாரத்தை நிறுத்தினார்கள். பல நாள் காத்திருந்த முகூர்த்தமாகையால் எங்களையெல்லாம் கூடத்துக்கு அழைத்தார். ரௌட்டரில் விளக்குகள் பச்சையாய் ஜொலித்தன. ஒன்று மாத்திரம் சிவப்பாய்க் கண் சிமிட்டிற்று. தெருக்கோடிக் கம்பத்தில் தொங்கும் கேபிள்காரரின் பெட்டிக்கு மின்சாரம் இல்லை. அதற்கு யுபிஎஸ்ஸும் இல்லை. பேத்தி ஒன்றும் பேசாமல் தன் போனில் மொபைல் டேட்டாவைப் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை அவர் கேபிள்காரரைத் தேடிக்கொண்டு போனார். ஒரு கையில் புதிய யுபிஎஸ், தோளில் ஏணி. ஏணி என்னுடையது, இன்னும் திரும்பி வரவில்லை.