பழைய வேட்டியும் புதிய பிரஜையும்

குழந்தை பிறப்பதற்கு முன்னால் அதற்கென்று ஒரு முழத் துணிகூடக் கடையில் வாங்கி வீட்டுக்குள் கொண்டுவரலாகாது என்பது, இயற்றியவர் யாரென்று தெரியாமலேயே பல குடும்பங்களில் பயபக்தியோடு அனுசரிக்கப்பட்டு வருகிற சட்டம். பிறந்த குழந்தையோ, இச்சட்டத்தைப் பற்றிய பிரக்ஞை சிறிதுமின்றி, வந்த அன்றைக்கே மணிக்கொரு தரம் துணி மாற்றச் சொல்லி வீட்டையே ஆட்டிவைக்கிற ஜீவன். இவ்விரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்ட பாட்டிமார்கள், சட்டத்துக்கும் பங்கம் வராமல் துணிக்கும் பஞ்சம் வராமல் தலைமுறை தலைமுறையாகச் சமாளித்து வந்திருக்கிற விதத்தை ஆராய்வதே இவ்வியாசத்தின் நோக்கம். இந்தச் சாஸ்திரத்துக்குச் சூத்திரமோ பாஷ்யமோ இதுவரை என் கண்ணில் படாமையால், பூர்வபக்ஷம், சித்தாந்தம் இரண்டையும் நானே ஏற்று நடத்த வேண்டியவனாகிறேன்.

முதற்கண் கால நிர்ணயம். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள் என்று வைத்தியர்கள் கணக்கிடுகிறார்கள். பாட்டி பத்து மாதம் என்கிறாள். படித்த பேரன் ஒன்பது என்று திருத்த முற்படுகிறான். 28 நாள் கொண்ட மாதங்கள் பத்தானால் 280 என்பதை அவன் பெருக்கிப் பார்ப்பதில்லை. ஆயினும் இத்தனை நாளும் ஆயத்தத்துக்குக் கிடைத்துவிடுவதாக எண்ணலாகாது. முதல் மூன்று மாதம் செய்தியையே வெளியில் விடுவதில்லை. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு நடந்து, பெண் தாய்வீடு வந்து சேர்ந்த பிறகுதான் அங்கே காரியம் தொடங்குகிறது. அதுவும், காரியம் எதுவும் நடக்கவில்லை என்று பார்ப்பவர்கள் நம்பும்படியாகத் தொடங்குகிறது.

இத்தகைய தடை நமக்கு மட்டும் உரியதென்று பெருமை கொள்வதற்கும் இடமில்லை. கிழக்கு ஐரோப்பிய வழிவந்த யூதக் குடும்பங்களிலும், பிள்ளை பிறக்குமுன் தொட்டிலையும் துணியையும் வீட்டுக்குக் கொண்டுவரும் வழக்கமில்லை. வேண்டியதைத் தேர்ந்து கடைக்காரரிடமே விட்டுவைத்து, பிறந்த செய்தி வந்த பிறகு வரவழைத்துக்கொள்பவர்கள் அவர்களில் உண்டு. கடைக்காரரை நம்பியது அவர்களுடைய யுக்தி. நம் பாட்டி கடைக்காரரை நம்புகிறவள் அல்லள். அவள் நம்பியது தாத்தாவின் வேட்டியை.

இங்கே பூர்வபக்ஷி எழுந்து, பிறந்த அன்றே ஆளை அனுப்பிப் புதுத்துணி வாங்கி வந்தால் சட்டமும் பிழைத்தது, குழந்தையும் பிழைத்ததல்லவா என்று வினவக்கூடும். தறியின் அருகே ஒரு நாளும் நின்றறியாதவருடைய கேள்வி அது. நெசவுக்கு முன் பாவு நூல் அறுந்துபோகாமல் இருக்கும்பொருட்டு அதற்குக் கஞ்சி ஏற்றுகிறார்கள். அந்தக் கஞ்சியும், பஞ்சுக்கு இயல்பாகவே உள்ள மெழுகுத்தன்மையும் சேர்ந்து புதுத்துணியை விறைப்பாக்குகின்றன. அதன்மேல் விட்ட நீர் உள்ளே இறங்காமல் உருண்டோடுகிறது. பலமுறை துவைத்து, கல்லில் அடித்து, வெயிலில் உலர்த்தி, மறுபடியும் துவைத்த பின்பே கஞ்சி போய், நூல் தளர்ந்து, தண்ணீரைக் கண்டவுடன் குடிக்கும் பக்குவத்தைத் துணி அடைகிறது. இந்தப் பரிபாகத்தைப் பணம் கொடுத்து ஒரே நாளில் வாங்கிவிட முடியாது. ஒருவர் கட்டித்தான் ஆகவேண்டும். எனவே பழைய வேட்டியே என்பது சித்தாந்தம். அது முன்பே வீட்டிலிருக்கிற பொருளாகையால் ‘வாங்கியது’ என்ற குற்றச்சாட்டும் அதன்மேல் செல்லாது.

எல்லா வேட்டிக்கும் இந்தத் தகுதி உண்டா என்றால், இல்லை. ஜரிகை வேட்டி ஆரம்பத்திலேயே நிராகரிக்கப்படும். குழந்தையின் தொடையை அது கீறும். பாலியெஸ்டர் கலந்தது எத்தனை வருஷம் கட்டினாலும் நீர் குடிக்கக் கற்றுக்கொள்ளாது. விசேஷங்களுக்கு மட்டும் கட்டிப் பெட்டியில் வைத்தது வயதில் மூத்ததாயினும் அனுபவத்தில் இளையது. ஓய்வுபெற்று, நாளெல்லாம் சாய்வு நாற்காலியில் பத்திரிகை படித்துக்கொண்டு, ஒரே வேட்டியைத் துவைத்துத் துவைத்துக் கட்டுகிற தாத்தாவினுடையதே உத்தமம். நீண்ட ஆயுள் உள்ளவருடைய துணியில் குழந்தையை முதன்முதலாக ஏந்துவது நல்லது என்ற நம்பிக்கையும் இதற்கு அனுகூலமாக வந்து சேர்கிறது.

எட்டு முழ வேட்டி ஒன்றின் நீளம், முழத்துக்கு 18 அங்குலம் வீதம் 144 அங்குலம். அகலம் ஏறக்குறைய 50 அங்குலம். அழுத்தமான நெசவுடைய கரையைக் கிழித்து நீக்கி, நீளவாக்கில் இரண்டாக்கி, ஒவ்வொன்றையும் ஆறாக்கினால் பன்னிரண்டு துணி. இது ஏட்டுக் கணக்கு. தாத்தா உட்காருகிற இடத்தில் வேட்டி சல்லடையாகியிருக்கும் என்பதால் அவற்றுள் மூன்று கழிந்து, ஒன்பதே தேறும். பங்குனியில் பிறக்கும் குழந்தைக்கு நாலைந்து வேட்டி போதும். காலையில் உலர்த்தியது பத்து மணிக்குள் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். ஐப்பசியில் பிறக்கும் குழந்தையின் பாட்டியோ, அடைமழையில் கூடத்தின் குறுக்கே கொடி கட்டி, அதுவும் போதாமல் அடுப்பங்கரைச் சுவரில் துணியை ஒட்டவைத்துத் திண்டாட வேண்டியிருப்பதால், பத்து வேட்டியாவது முன்கூட்டிச் சேர்க்காவிட்டால் பிழைக்க வழியில்லை.

சேர்க்கும் முறைதான் இந்தச் சாஸ்திரத்தின் ரகசிய காண்டம். வேட்டி கொடியிலிருந்து மறைகிறது. தாத்தா கேட்கிறார், வண்ணான் இன்னும் கொண்டுவரவில்லை என்று பதில் வருகிறது. இரண்டாவது மறையும்போது அவர் மறுபடி கேட்கிறார். மூன்றாவதற்கு அவர் கேட்பதில்லை; காரணம் விளங்கிவிட்டதென்றாலும், விளங்கியதாகக் காட்டிக்கொள்ளாமல் இருப்பது அவர் பங்கு ஆயத்தம். மத்தியானம் கர்ப்பிணி கண்ணயர்ந்த வேளையில், அரிவாள்மணையில் ஓரத்தை ஓர் அங்குலம் கீறிக்கொண்டு பாட்டி இரு கையாலும் பிடித்து இழுக்க, துணி நூல் பிசகாமல் நேர்கோடாகக் கிழிகிறது. கூடத்துக்கு வந்த அண்டை வீட்டு அம்மாள் பார்த்துவிட்டு, “என்ன மாமி, இவ்வளவு துணி?” என்றால், “கரித்துணி இல்லாம அடுப்புல கையச் சுட்டுக்கறேன்” என்பது பதில். நாற்பது கரித்துணி வேண்டியிருக்கிற அடுப்பு எப்படிப்பட்டது என்று அந்த அம்மாளும் கேட்பதில்லை. அவள் வீட்டிலும் பெண்கள் இருக்கிறார்கள்.

துணிக்கு அடுத்தது தூளி. ஓட்டு வீட்டில் உத்திரம் வெளியே தெரிவதால், நூல் புடவையை அதன்மேல் எறிந்து முடிந்தால் வேலை தீர்ந்தது. மெட்ராஸ் தளம் போட்ட வீட்டில், மரச்சட்டங்களின் முதுகில் செங்கல்லை நெருக்கி அடுக்கிச் சுண்ணாம்பு பூசியிருப்பதால் நடுவே கயிறு நுழைய வழியில்லை. இரும்பு வளையம் தேவைப்படுகிறது. கர்ப்பிணி உள்ள வீட்டில் ஆணி அடிக்கலாகாது என்று இன்னொரு சட்டம் இருக்கிறபடியால், இந்த வளையம் அவள் கருவுறுவதற்கு முன்பே இருந்தாக வேண்டும். இவ்வளவு தீர்க்கதரிசனத்தைக் கட்டடக் கலையிலன்றி வேறெதிலும் நம்மவர்கள் காட்டியதாக நான் அறியேன். கான்கிரீட் தளம் வார்க்கும்போது கூடத்து நடுவில் விசிறிக்காக ஒரு கொக்கி விடுகிறார்கள். அதற்கு நாலடி தள்ளிச் சுவரோரமாக இரண்டாவது கொக்கி ஒன்றும் வைக்கச் சொல்கிறார் வீட்டுக்காரர். எதற்கென்று மேஸ்திரி கேட்டால், “இருக்கட்டும்” என்கிறார். அப்போது அவருடைய மகளுக்குப் பதினான்கு வயது.

கொக்கி பலமானதா என்று முன்னதாகச் சோதிப்பதற்கும் இல்லை. வெறும் தூளியை ஆட்டுவது தோஷம். சில குடும்பங்களில், குழந்தையை முதன்முதலாகத் தொட்டிலில் விடும் நாளில் அம்மிக் குழவியைக் குளிப்பாட்டிப் பொட்டிட்டு அதற்கு முன்பாகத் தொட்டிலில் கிடத்துகிறார்கள். சடங்கென்று இதை எழுதிவைத்தவர்கள் உண்டு. எடைச் சோதனை என்பது என் துணிபு. பிறந்த குழந்தை மூன்று கிலோவுக்கு முன்னும் பின்னும் இருக்கும்; குழவிக்கல் அதைக் காட்டிலும் கனம். கல்லைத் தாங்கிய கொக்கி பிள்ளையைத் தாங்காதா?

சமையலறையைப் பற்றி விரித்துரைக்க ஏதுமில்லை. பூண்டு மலிவென்று வாங்கப்படுகிறது. சுண்டைக்காய் வற்றல் சும்மா இருக்கட்டுமென்று போடப்படுகிறது. லேகியத்துக்கான திப்பிலியும் சுக்கும் யாருடைய இருமலுக்காகவோ வந்து சேர்கின்றன. உரைமருந்துப் பெட்டி மட்டும் சர்ச்சைக்குரியது. முதல் 6 மாதம் தாய்ப்பாலைத் தவிர வேறொன்றும் கூடாதென்று வைத்தியர்கள் உறுதியாகச் சொல்கிறார்கள். அவர்கள் கட்சியே என் கட்சியும். பாட்டியோ மறுத்து ஒரு வார்த்தையும் பேசாமல் வசம்பைச் சுட்டுத் தயாராக வைத்திருக்கிறாள். அதைக் குழந்தையின் கையில் வளையலாகக் கட்டுவதோடு நிறுத்திக்கொள்ளும்படி அவளை இணங்கவைப்பது மகளின் சாமர்த்தியம்.

எஞ்சியிருப்பவர் தகப்பனார். தலைப்பிரசவம் மாமனார் வீட்டில் நடப்பதால், ஆயத்தங்களில் அவருக்கு யாதொரு பாத்திரமும் வகுக்கப்படவில்லை. ஞாயிறுதோறும் பழம் வாங்கிக்கொண்டு வருகிறார், சாப்பிடுகிறார், உத்திரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மாமனாருக்குக் கட்டிக்கொள்ள வேட்டியில்லை என்பதை அவராகவே கவனித்து, அடுத்த வாரம் இரண்டு ஜோடி எட்டு முழம் வாங்கிவந்து, ஒரு ஜோடியை அவரிடம் கொடுத்து மற்றதைத் தமக்கென்று வைத்துக்கொள்கிறார். வாசற்படியில் நின்றிருந்த மாமியார், மாப்பிள்ளையின் ஜோடியை வாங்கி, ஓரத்தை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்க்கிறாள்.

“நல்ல நூலா இருக்கு மாப்பிள்ளை. ஒரு ரெண்டு வருஷம் விடாம கட்டுங்கோ.”