திரும்பிப் போகும் உரிமை

மழைக்காலம் வந்தால் புனேக்காரர்கள் லோனாவாலாவுக்குப் போய்ச் சுட்ட சோளம் தின்பார்கள். நிக்டியில் குடியிருக்கும் எங்களைப் போன்ற தமிழர்களுக்கு லோனாவாலா என்றாலே வேறு கவலை. அதற்கு அந்தப் பக்கம், போர்காட் மலைப்பாதையில் பாறை உருண்டதா? கர்ஜத்தில் வண்டியை நிறுத்திவிட்டார்களா? மும்பையில் புறப்படும் ரயில் அந்த மலையேறி வந்தால்தான் நாங்கள் ஊர் போய்ச் சேர முடியும்.

இந்த விவகாரங்களில் எங்கள் குடியிருப்புக்கு ஆலோசகர் அண்ணாச்சி. நெல்லைக்காரர்; தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவர். மற்றவர்கள் ரயில் டைம்டேபிளை மனப்பாடம் செய்வார்கள். அண்ணாச்சி ரீஃபண்ட் விதிகளை மனப்பாடம் செய்தவர். ஏசி வேலை செய்யாவிட்டால் கட்டண வித்தியாசத்தை வாங்கலாம், ஊர் சேர்ந்து 20 மணி நேரத்துக்குள் டிடிஆர் என்னும் ரீஃபண்ட் மனு போட வேண்டும் என்பதெல்லாம் தூக்கத்திலும் சொல்வார். ஏசி ஒழுங்காக ஓடினால் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

என் மாமா மகள் கல்யாணத்துக்கு, நல்ல ஆடி மழை ஓய்ந்தபாடில்லாத ஓர் ஆவணியில், இரண்டு குடும்பமும் கிளம்பினோம். எங்கள் நிக்டியின் பக்தி சக்தி சௌக் வரை மெட்ரோவை நீட்ட 2024 மார்ச்சில் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். அது வருகிறபோது வரட்டும் என்று ஆகுர்டியில் லோக்கல் பிடித்துப் புனே ஜங்ஷன் போய்ச் சேர்ந்தோம். எங்கள் வண்டியின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. அடுத்த லீவுக்கும் அதில்தான் போயாக வேண்டும்.

முதலில் நாற்பது நிமிடம் தாமதம் என்றார்கள். அப்புறம் ஒன்றரை மணி. பிளாட்பாரத்தில் எல்லோரும் வண்டி வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்க, அண்ணாச்சி மட்டும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டே முக்கால் மணி ஆனபோது அவர் முகத்தில் ஒரு பதற்றம். பாவி வண்டி இப்போது வந்து தொலைத்துவிட்டால்?

மூன்று மணி தாண்டியது. அண்ணாச்சி எழுந்து நின்றார்.

"தம்பி, இனிமே நம்ம கையிலதான் அதிகாரம். ஏறுற ஸ்டேஷன்ல மூணு மணி நேரத்துக்கு மேல லேட்டுன்னா முழுப் பணமும் வாபஸ். கன்ஃபர்ம் டிக்கெட்டா இருந்தாலும் ஒரு பைசா பிடிக்க முடியாது. வண்டி கிளம்புறதுக்குள்ள டிடிஆர் போட்டுரணும், அம்புட்டுதான்."

"பணத்த வாங்கிக்கிட்டு?" என்றாள் என் மனைவி.

"வீட்டுக்குப் போயிரலாம்."

"அப்ப கல்யாணம், அண்ணாச்சி?"

"அது ரூல்ல வராதும்மா."

அந்த விதியின் அழகே இதுதான். போகாமல் இருப்பவனுக்கு முழு மரியாதை. காத்திருந்து ஏறுகிறவனுக்கு ஒன்றுமில்லை. ஏறிய பிறகு சோலாப்பூரிலும் வாடியிலும் குண்டக்கல்லிலும் வண்டி எத்தனை மணி நேரம் படுத்துக் கிடந்தாலும் இந்தக் கணக்கில் சேராது. ரயிலையே ரத்து செய்துவிட்டால் இன்னும் சௌகரியம்: ஆன்லைன் டிக்கெட்டுக்கு நாம் கேட்காமலே பணம் வங்கிக்கு வந்துவிடும். ஐஆர்சிடிசி வாங்கிய சேவைக் கட்டணம் மட்டும் வராது.

பயணம் செய்தவனுக்கும் நஷ்டஈடு என்பதை நம் நாட்டில் செய்து பார்க்காமல் இல்லை. 2019இல் ஐஆர்சிடிசி தேஜஸ் ரயில்களை ஓட்டத் தொடங்கியபோது ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் 100 ரூபாய், இரண்டு மணிக்கு மேல் போனால் 250 என்று அறிவித்தார்கள், கொடுக்கவும் செய்தார்கள். 2024 பிப்ரவரியோடு நிறுத்திவிட்டார்கள். ஐரோப்பாவில் ஒரு மணி தாமதத்துக்குக் கட்டணத்தில் கால்வாசி, இரண்டு மணி என்றால் பாதி. அங்கேயும் பேய்மழை போன்ற அசாதாரணக் காரணங்களுக்குக் கையை விரிக்கலாம் என்று 2023 முதல் விதி வந்துவிட்டது. ஆக, போர்காட்டை ஜெர்மனிக்குக் கொண்டுபோய் வைத்தாலும் எங்களுக்குப் பைசா பெயராது.

நாங்கள் ஏறினோம். அண்ணாச்சியும் ஏறினார், டிடிஆர் பக்கத்தைச் செல்போனில் திறந்து வைத்தபடியே. வழியெல்லாம் மாமா போன் செய்துகொண்டிருந்தார். "மருமகனே, எங்க வந்துக்கிட்டு இருக்கீய?" பெரும்பாலும் நான் வந்துகொண்டிருக்கவில்லை, ஏதோ ஒரு சிக்னலில் நின்றுகொண்டிருந்தேன்.

மண்டபத்துக்குள் நுழைந்தபோது முகூர்த்தம் முடிந்திருந்தது, பந்தி முடிந்திருந்தது, வாடகைப் பாத்திரங்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். மொய் நோட்டு மட்டும் திறந்திருந்தது. எழுதினோம்.

அண்ணாச்சிக்கு மனசு ஆறவில்லை. பாளையங்கோட்டையில் வக்கீலாக இருக்கும் மைத்துனரிடம் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். உச்ச நீதிமன்றத்தின் 2021 தீர்ப்பு அண்ணாச்சிக்கு அத்துப்படி: ஜம்முவுக்கு நாலு மணி நேரம் தாமதமாகப் போன ரயில், அதனால் ஸ்ரீநகர் விமானத்தைத் தவறவிட்ட பயணி. தாமதத்துக்குப் பொறுப்பில்லை என்று ரயில்வே தன் கட்டண விதிகளைக் காட்டியது. தவிர்க்க முடியாத காரணத்தை நிரூபிக்காவிட்டால் ஈடு கொடு என்றது கோர்ட்டு.

வக்கீல் பொறுமையாகக் கேட்டார். "அத்தான், அந்த ஆள் டாக்ஸிக்குக் கொடுத்ததுக்கும், ஏற்கெனவே பண்ணின புக்கிங்குக்கும் கணக்குக் காட்டினாரு. உங்களுக்கு என்ன நஷ்டம்?"

"அவியல், சொதி, ரெண்டு பாயாசம்."

"பில் இருக்கா?"

அண்ணாச்சி யோசித்தார். முகம் மலர்ந்தது. "மொய் நோட்டு இருக்கே மாப்ளே! ஆயிரத்தொண்ணு எழுதியிருக்கேன், இலை போடல. காசை வாங்கிக்கிட்டுச் சேவை தராம விட்ட கேஸ்தானே?"

"அருமையான கேஸ், அத்தான். நிக்கும்," என்றார் வக்கீல், என்னைப் பார்த்துக்கொண்டே. "ஆனா ரயில் மேல இல்ல. இவுக மாமா மேல."