சிக்னலில் நிற்கும்போதும் ஜெபிக்கலாம்

கேள்வி: காலை ஏழு மணிக்கே பள்ளி வேன் வந்துவிடுகிறது. ஜெபத்துக்கு எங்கே நேரம்?
ஒரு தாய், ஈஜிபுரா

ஷூ மாட்டுகிற நேரம் இருக்கிறதே, ஏழு வயதுப் பிள்ளைக்கு அது போதும். நெகேமியா ராஜாவுக்குப் பதில் சொல்வதற்கு முன், நின்ற இடத்திலேயே ஜெபித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். வேத வாசிப்பை இரவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வழியில் நடக்கும்போதும் பிள்ளைகளோடு வசனத்தைப் பேசச் சொல்கிறது உபாகமம் 6. பிள்ளையோடு வெளியே போகிறீர்கள், ஈஜிபுரா சிக்னலில் வண்டி நிற்கிறது, செயின்ட் ஜான்ஸ் ஆஸ்பத்திரிப் பக்கம் ஓர் ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு போகிறது. "இயேசப்பா, உள்ளே இருக்கிறவங்களைக் காப்பாத்துங்க" என்று பிள்ளையைச் சொல்லவிடுங்கள். பிறருக்காக ஜெபிக்க அங்கேயே பழகிவிடும்.

கேள்வி: பேரனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும்தான். எந்த வேதாகமம் வாங்கித் தருவது?
ஒரு பாட்டி, விவேக்நகர்

அவன் திக்காமல் வாசிக்கிற மொழியில் வாங்குங்கள். பெங்களூர்த் தமிழ் வீடுகளில் பாதிப் பிள்ளைகள் வேதாகமத்தைத் தொடாததற்குக் காரணம் பக்திக் குறைவு அல்ல, எழுத்துதான் என்பது என் எண்ணம். வசனத்தையும் தமிழ் எழுத்தையும் ஒரே நேரத்தில் திணித்தால் வேதாகமமே அவனுக்குத் தமிழ்ப் பரீட்சையாகிவிடும். எம்.ஜி. ரோட்டில் இருக்கிற இந்திய வேதாகமச் சங்கம் இந்த மூன்று மொழிகளிலும் வேதாகமம் வெளியிடுகிறது. எது வேண்டும் என்று அவனையே சொல்லச் சொல்லுங்கள்.

தமிழை நீங்கள் வாயால் கொடுங்கள். அவன் ஆங்கிலத்தில் ஒரு வசனம் வாசிக்கட்டும், அதையே நீங்கள் தமிழில் சொல்லுங்கள். சங்கீதம் 23-க்கு ஆறே வசனம். வாரத்துக்கு ஒன்று என்றால் ஆறு வாரத்தில் முழுச் சங்கீதமும் அவனுக்கு மனப்பாடம். பாதி வசனம் சொல்லி நிறுத்திப் பாருங்கள், மீதியை அவன் முடிப்பான்.

கேள்வி: ஒரே வருஷத்தில் முழு வேதாகமத்தையும் வாசிக்க ஆசை. முடியுமா?
ஏழாம் வகுப்பு மாணவி, ஈஜிபுரா

முடியும். புராட்டஸ்டன்ட் வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள், நாளுக்கு மூன்றுக்குக் கொஞ்சம் மேல். ஆனால் ஜனவரி முடிவதற்குள் லேவியராகமத்தின் பலிச் சட்டங்களுக்கு வந்துவிடுவாய். பெரியவர்களே பலர் அங்கே நின்றுபோகிறார்கள். முதல் முறை என்றால் மாற்கிலிருந்து தொடங்கு, 16 அதிகாரம்தான். அடுத்து நீதிமொழிகள், தேதிக்கு ஓர் அதிகாரமாக 31. இங்கிலாந்தில் ஆனி மார்ஸ்டன் என்ற சண்டே ஸ்கூல் டீச்சர் தன் வகுப்புச் சிறுமிகளுக்குத் தினசரிப் பகுதிகளைத் தாளில் எழுதிக் கொடுத்தார். 1879-இல் ஸ்கிரிப்சர் யூனியன் தொடங்கிய தினசரி வாசிப்பு அட்டைக்கு வழிகாட்டியது அதுதான். நீயும் ஒரு தாளில் எழுதிக்கொள்.

கேள்வி: மூன்று நாள் விட்டுப்போனால் எல்லாம் வீணா?
ஒரு தாய், கோரமங்களா

இல்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2009-இல் வெளிவந்தது. பழக்கம் படிய சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18, சிலருக்கு 254. நடுவில் ஒரு நாள் தவறியது பெரிதாகப் பாதிக்கவில்லை. அவர்கள் பெரியவர்கள். பிள்ளைக்கு இன்னும் பொறுமை காட்டுங்கள். விட்ட பகுதியைச் சேர்த்து வாசிக்க வைக்காமல், இன்றைய பகுதியிலிருந்து தொடருங்கள்.

கேள்வி: ஜெபிக்காவிட்டால் டிபன் கிடையாது என்று சொல்லலாமா?
ஒரு தகப்பன், நீலசந்திரா

வேண்டாம். பட்டினியில் வருகிற ஜெபம் இட்லிக்காகத்தான் இருக்கும். ஜெபித்தால் போன் தருகிறேன் என்பதும் வேண்டாம். பிள்ளை கண்ணில் படும்படி நீங்கள் உட்கார்ந்து வாசியுங்கள்.

கேள்வி: ஜெபம் பண்ணும்போது தூக்கம் வருது. இயேசப்பா கோவிச்சுக்குவாரா?
மூன்றாம் வகுப்புத் தம்பி, ஈஜிபுரா

கெத்செமனேயில் பேதுரு, யாக்கோபு, யோவான் மூன்று பேருமே தூங்கினார்கள். இயேசு எழுப்பினார், யாரையும் துரத்தவில்லை. நாளைக்குச் சாப்பிடுவதற்கு முன்னாலேயே ஜெபித்துவிடு.

கேள்வி: ஆயாவுக்காகத் தினமும் ஜெபித்தாள் மகள். ஆயா இறந்துவிட்டார். இனி ஜெபிக்கவே மாட்டேன் என்கிறாள்.
ஒரு தாய், ஆஸ்டின் டவுன்

கட்டாயப்படுத்தாதீர்கள். "நீ விசுவாசமா ஜெபிக்கல" என்று சொந்தக்காரர் யாரும் அவளிடம் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு சொல் ஆயுசுக்கும் தங்கிவிடும். லாசருவின் கல்லறைக்குப் போகும்போது இயேசு அழுததை யோவான் 11-இல் அவளோடு வாசியுங்கள். எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று சங்கீதம் 13-இல் தாவீது கர்த்தரிடமே முறையிடுகிறார். கோபத்தையும் அவரிடம் சொல்லலாம் என்று மகளுக்குத் தெரியட்டும். குடும்ப ஜெபத்தில் அவள் சும்மா உட்கார்ந்திருந்தாலும் போதும்.

கேள்வி: கணவர் ஜெபத்துக்கு வருவதே இல்லை. நான் மட்டும் பிள்ளைகளோடு செய்தால் நிலைக்குமா?
ஒரு மனைவி, ஈஜிபுரா

தீமோத்தேயுவின் தகப்பன் கிரேக்கர். பவுல் பெயர் சொல்லிப் பாராட்டுவது பாட்டி லோவிசாளின் விசுவாசத்தையும் தாய் ஐனிக்கேயாளின் விசுவாசத்தையும்தான். தைரியமாகச் செய்யுங்கள். அவர் காதில் விழட்டும் என்று பிள்ளைகளை அவருக்காகச் சத்தமாக ஜெபிக்க வைக்காதீர்கள். அந்த ஐந்து நிமிஷம் டிவி சத்தத்தைக் குறைக்க மட்டும் கேளுங்கள்.