மற்றும் பலர்

1978-இல் மருத்துவ இதழாசிரியர்கள் சிலர் கனடாவின் வான்கூவரில் கூடி, கட்டுரைகளுக்கும் அவற்றின் மேற்கோள் பட்டியலுக்கும் பொதுவாக ஒரு வடிவம் இருக்கட்டும் என்று வகுத்தார்கள். நல்ல மனசு. இன்று மேற்கோள்களைத் தொகுத்துத் தரும் ஸொடேரோ மென்பொருளைத் திறந்தால் பத்தாயிரத்துக்கும் மேல் வடிவங்கள். ஓர் இதழுக்கு ஆண்டு அடைப்புக்குறிக்குள் வேண்டும். இன்னொன்றுக்கு அடைப்புக்குறியே ஆகாது. முற்றுப்புள்ளி சாய்வெழுத்தில் சேருமா சேராதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் தெரியாது. இருந்தாலும் திருத்தச் சொல்வார்கள்.

ஹிக்ஸ் துகளின் நிறையை அளந்த 2015-ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு ஆசிரியர்கள் 5,154 பேர். 33 பக்கத்தில் 24 பக்கம் அவர்களின் பெயரும் நிறுவனமும்தான். வான்கூவர் முறை முதல் ஆறு பேரை உள்ளே விட்டு, 'மற்றும் பலர்' என்று கதவைச் சாத்திவிடும். அமெரிக்க உளவியல் சங்கத்தின் (ஏபிஏ) மேற்கோள் முறை, ஏழாம் பதிப்பில், கொஞ்சம் தாராளம்: முதல் 19 பேர், மூன்று புள்ளி, பிறகு கடைசி ஆள். நடுவில் நிற்கும் 5,134 பேருக்கு அந்த மூன்று புள்ளிதான் பங்கு. பிரித்துக்கொள்ளட்டும்.

நம்மூர் ஆராய்ச்சியாளருக்குச் சோதனையே வேறு. குடும்பப்பெயர் என்ன என்று படிவம் கேட்கும். வேறு வழியின்றி அப்பா பெயரைப் போடுவார். அன்றுமுதல் மேற்கோள்களில் எல்லாம் அப்பாதான் விஞ்ஞானி. உழைத்தவர் வெறும் இனிஷியல்.