பங்காளிகளின் மாடி ஆசை

கேள்வி: அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஜென்மப் பகையாளிகளான இரண்டு பல்கலைக்கழக ஃபுட்பால் அணிகளும் மேல் டிவிஷனுக்குப் போகலாமா என்று அடிக்கடி பேச்சு அடிபடுகிறதே, போவார்களா?

பதில்: மிசூலாவில் மொன்டானா, போஸ்மனில் மொன்டானா ஸ்டேட். 1897-இல் தொடங்கிய பங்காளிச் சண்டை! ஒருவன் மாடி கட்டினால் மற்றவனுக்குத் தூக்கம் வராது. ஆனால், ஒருவன் மட்டும் மேலே போய்விட்டால் அப்புறம் யாரோடு மல்லுக்கட்டுவது? அதனால் இருவரும் அடுத்தவன் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

செலவும் லேசுப்பட்டதல்ல. 5,000 டாலராக இருந்த நுழைவுக் கட்டணத்தை 2023-இல் 50 லட்சம் டாலராக்கிவிட்டார்கள். கட்டினாலும், மேலே உள்ள ஏதாவதொரு கான்ஃபரன்ஸ் (அணிகளின் கூட்டமைப்பு) வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும். 2022-இல் மாடியேறிய ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழக அணி, மறு வருடம் 12 ஆட்டங்களில் 11-ஐ வென்றது. ஆனாலும் புதுசு என்பதால் சீசன் முடிவில் நடக்கும் 'பௌல்' ஆட்டத்துக்குத் தகுதியில்லை என்றார்கள். தகுதியுள்ள அணிகள் போதாமல் போனதால்தான் இடம் கிடைத்தது!

கீழ் டிவிஷனிலோ, 16 அணிகள் மோதிய நாக்-அவுட்டில் மொன்டானா 1995, 2001-இல் கோப்பையே தூக்கியிருக்கிறது. மேலே போனால் டி.வி.யில் முகம் தெரியும், கோப்பைதான் தெரியாது!